வைக்கோல் மேல உட்கார்ந்து வானிலைக் கணக்கு போட்டவர்... யார் இந்த ரிச்சர்ட்சன்?

ஐரோப்பாவில் வரும் கோடைகளில் எவ்வளவு மழை பெய்யும்? இதைக் கணிக்க விஞ்ஞானிகள் நம்பியிருப்பது 'பிராந்திய காலநிலை மாதிரி'களைத்தான். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, அழுத்தம், ஈரப்பதம் எப்படி மாறும்னு கம்ப்யூட்டர் போடும் கணக்கு இது. கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் இதைக் கையாலேயே போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்.

1881-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். போரை ஏற்காத குவாக்கர் குடும்பம். முதல் உலகப்போரின்போது, 1916-ல் வானிலைத் துறை வேலையை விட்டுவிட்டு, பிரான்ஸ் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். ஓய்வு நேரத்தில் வைக்கோல் குவியல்தான் அவருக்கு ஆபீஸ்.

அவர் எடுத்துக்கொண்ட நாள் 1910 மே 20. அன்று காலை பதிவான அளவுகளை வைத்து, மத்திய ஐரோப்பாவில் 6 மணி நேரத்தில் என்ன மாறும்னு கணக்கிட்டார். அதுக்கே ஏறத்தாழ 6 வாரம் ஆச்சு!

விடை? காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும்னு வந்தது. எந்தப் புயலிலும் இப்படி நடக்காது. நிஜத்தில் அன்று அழுத்தம் பெரிசா மாறவே இல்லை.

1917-ல் ஷாம்பேன் சண்டையில் கையெழுத்துப் பிரதியும் காணாமல் போனது. சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. வேற யாராவது இருந்தா அதோட விட்டிருப்பாங்க. இவரோ 1922-ல் தப்பான விடையையும் மறைக்காமல் சேர்த்துப் புத்தகமாகப் போட்டார்.

முறையில் தப்பில்லை. தொடக்க அளவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாத சின்னப் பிசிறுகள்தான் ஊதிப் பெருகின. பிற்காலத்தில் அதே அளவுகளைச் சீராக்கிப் போட்டபோது நம்பும்படியான விடை வந்தது.

இதற்கிடையே, திரும்பச் சேர்ந்திருந்த வானிலைத் துறை 1920-ல் விமான அமைச்சகத்தின் கீழ் போனது. ராணுவத்தோடு ஒட்டக்கூடாது என்று மறுபடி வேலையை விட்டார். 1950-ல் அமெரிக்காவின் எனியாக் கணினி அவர் கனவை நிஜமாக்கிய செய்தி வந்தபோது வாழ்த்து அனுப்பினார். 1953-ல் காலமானார்.

சரி, இன்றைய மாதிரிகள் கோடை மழையைச் சரியா சொல்லுதா? பாதிதான். குளிர்கால மழை மேகங்கள் பல நூறு கி.மீ. பரவி வரும், 12 கி.மீ. கட்டத்தில் நல்லாவே சிக்கும். கோடை இடிமேகமோ சில கி.மீ.தான், கட்டத்துக்குள்ளேயே ஒளிஞ்சுக்கும். அதனால் தோராயமாகத்தான் சேர்க்கிறார்கள். விளைவு, சாயங்காலம் கொட்ட வேண்டிய மழை மாதிரியில் நடுப்பகலிலேயே தூறிவிடுகிறது. கட்டத்தை 2, 3 கி.மீ. ஆக்கினால் மழை நேரம் கிட்டத்தட்ட சரியாகிறது. ஆனா கம்ப்யூட்டர் வேலை பல மடங்கு எகிறுது. ரிச்சர்ட்சன் போட்ட கட்டமோ ஏறத்தாழ 200 கி.மீ.!