காட்டுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று மலர்க் குழுவில் சொன்னார்கள். காமராஜர், கலாம், விஸ்வேஸ்வரய்யா எல்லோரையும் மற்ற நண்பர்கள் முன்னாடியே பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைக்காரர். வேண்டா வெறுப்பாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். முடித்தபோது அவர் மேல் மரியாதையும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவர் பெயர் ஹியூ கிளெக்கார்ன். மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர். பெயர்தான் வெள்ளைக்காரப் பெயரே தவிர, பிறந்தது நம்ம மதராஸில், 1820 ஆகஸ்ட் 9-ஆம் தேதி. அப்பா மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் அதிகாரி. நாலு வயதில் பையனை ஸ்காட்லாந்தில் தாத்தா வீட்டுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அந்தத் தாத்தா லேசுப்பட்டவர் இல்லை. 1795-ல் டச்சுக்காரர்களிடமிருந்த இலங்கை ஆங்கிலேயர் கைக்குப் போனதே அவர் செய்த தந்திரத்தால்தான். டச்சுக்காரர்களுக்காகக் கூலிக்குச் சண்டை போட்ட சுவிஸ் படையைக் கட்சி மாற வைத்தவர் அவர். அதற்கான ரகசியக் கடிதத்தைப் பாலாடைக் கட்டிக்குள் ஒளித்து அனுப்பினார்கள் என்று கதை சொல்வார்கள். பேரன் அப்படி இல்லை, அமைதியான ஆள்.

எடின்பரோவில் மருத்துவம் படித்து 1841-ல் பட்டம் வாங்கினார். 1842-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக மதராஸ் திரும்பினார். டாக்டருக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. அந்தக் காலத்தில் மருந்தெல்லாம் வேரும் பட்டையும் இலையும்தானே. அதனால் டாக்டருக்குப் படிப்பவர் தாவரவியலும் கட்டாயம் படிக்க வேண்டும். நாட்டு வைத்தியருக்கு மூலிகை தெரிந்திருக்கிற மாதிரி.

மைசூர்ப் பக்கம் ஷிமோகாவில் வேலை போட்டார்கள். அங்கே அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஓவியர் ஒருவரை வேலைக்கு வைத்து, ஒரு நாளைக்கு ஒரு செடி என்று வரைய வைத்தார். அழகுக்காக இல்லை. எந்தச் செடி எதற்கு உதவும், எது மருந்து, எது சாயம், எது நார் என்று தெரிந்துகொள்ளத்தான். நாம் தினம் ஒரு டிராயிங் ஷீட் முடிக்க என்ன பாடு படுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்!

காய்ச்சல் வந்து 1848-ல் ஊருக்குப் போனார். போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. வெப்ப நாடுகளில் காடு அழிவதைப் பற்றி பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் ஒரு குழு போட்டது. அந்தக் குழுவின் அறிக்கை 1851-ல் வந்தது. அதில் இவர் பங்கு பெரியது. மரத்தை இஷ்டத்துக்கு வெட்டினால் ஊற்று வற்றும், மழைநீர் மண்ணில் தங்காமல் ஓடிவிடும், அப்புறம் விறகுக்கும் கட்டைக்கும் கூட வழியிருக்காது என்று எச்சரித்த அறிக்கை அது. 170 வருஷத்துக்கு முன்னால்!

1852-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். பிறகு கவர்னராக வந்தவர் ஹாரிஸ் பிரபு. அவர் கூப்பிட்டுக் காட்டு இலாகா ஒன்றை அமைக்கச் சொன்னார். 1856 டிசம்பரில் கிளெக்கார்ன் பொறுப்பேற்றார்.

ஏன் அந்த வருஷம்? அதே 1856 ஜூலை முதல் தேதிதான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போட ஸ்லீப்பர் கட்டை வேண்டும், மைலுக்கு ஆயிரத்துக்கும் மேல். போட்ட கட்டையும் சில வருஷத்தில் உளுத்துப்போகும், கரையான் தின்னும், திரும்பவும் போட வேண்டும். அதோடு முடிந்ததா? தெற்கே நிலக்கரி கிடையாது. எஞ்சினும் விறகில்தான் ஓடியது. சோழமண்டலக் கரையில் எரிபொருளுக்கென்று சவுக்குத் தோப்புகள் பெருகியது அந்த 1860-களில்தான். நம்ம கடலூர்ப் பக்கம் பார்க்கிற இடமெல்லாம் சவுக்கு நிற்கிறதே, அந்த மரத்துக்கு இப்படி ஒரு ரயில் கதை உண்டு.

இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. அவர்கள் விறகுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தபோது, நம்ம காலடியில் பழுப்பு நிலக்கரி படுத்துக் கிடந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோதுதான் அது வெளியே தெரிந்தது. நெய்வேலி நிறுவனம் தொடங்கியது 1956-ல். காட்டு இலாகா தொடங்கிச் சரியாக நூறு வருஷம். அந்தக் கரியும் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மண்ணுக்குள் போன காடுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். கிளெக்கார்ன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த அதிகாரி இல்லை. மைசூர் எல்லை, மலபார், நீலகிரி, ஆனைமலை என்று சுற்றிக்கொண்டே இருந்தார். 1858-ல் ஆனைமலையின் உயரமான பகுதிகளுக்கு ஏறி, அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மலபார் கலெக்டர் கனோலியும் சாத்து மேனோன் என்ற நம்ம நாட்டு அதிகாரியும் 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். வெட்டினால் நட வேண்டும் என்பதற்கு அது கண்கூடான சாட்சி. முற்றிய மரத்தை மட்டும் வெட்டுவது, அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது, நாற்று வளர்த்து நடுவது என்று ஒழுங்கு கொண்டுவந்தார். 1861-ல் தென்னிந்தியாவின் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய அவர் புத்தகம் லண்டனில் வெளிவந்தது.

இப்போது கோபம் வந்த இடம். மலைவாழ் மக்கள் காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலில் கேழ்வரகும் சாமையும் விதைப்பார்கள். ஓரிரு போகம் எடுத்ததும் அடுத்த இடத்துக்குப் போவார்கள். விட்ட இடத்தில் காடு திரும்ப வளரும். கன்னடப் பக்கம் அதற்குக் குமரி என்று பெயர், நம்ம பக்கம் புனம். வள்ளி கவண்கல் வீசிக் காவல் காத்த தினைப்புனம் இருக்கிறதே, அதுதான். இதை அரசாங்கக் காட்டில் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்று 1860-ல் மதராஸ் அரசு தடை போட்டது. அந்தத் தடை வரக் காரணமாக இருந்தவர் கிளெக்கார்ன். தான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகவே அதை அவர் நினைத்தார்.

எங்கள் ஆயா முந்திரித் தோப்பில் சுள்ளி பொறுக்கி விற்றுத்தான் எங்கள் அப்பாவை வளர்த்தது. ஒருநாள் காவல்காரர் ஒருவர் சுமையை இறக்க வைத்து, கொடுவாளையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அன்றைக்கு வீட்டில் உலை வைக்கவில்லை. அந்தக் கொடுவாள் கதையை ஆயா இன்னமும் சொல்லும். அதனால் குமரித் தடையைப் படித்தபோது எனக்குச் சட்டம் தெரியவில்லை, அந்த மலையில் அன்றைக்கு உலை வைக்காத வீடுதான் தெரிந்தது. ரயிலுக்கும் கப்பலுக்கும் வெட்டிய மரம் கணக்கில் செலவு. அவர்கள் தினைக்கு வெட்டியது மட்டும் அழிவா? அதே சமயம், அப்போது யாரும் குறுக்கே நிற்காவிட்டால் கான்ட்ராக்டர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையை மொட்டையடித்திருப்பார்கள் என்பதும் உண்மை. ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்தத் துரை கான்ட்ராக்டர் கோடாலியையும் பிடுங்கினாரா என்று கேட்டது. கட்டுப்பாடு போட்டார், ஆனால் பிடுங்கவில்லை என்றேன். ஆயா வெற்றிலை போடப் போய்விட்டது.

இன்னொரு தவறும் உண்டு. ஊட்டி விறகுக்காக ஆஸ்திரேலிய மரங்களை நடுவதை அவர் ஊக்கப்படுத்தினார். அந்தச் சீகை மரங்கள் புல்வெளியையும் சோலைகளையும் ஆக்கிரமித்து, இன்று செலவு செய்து அகற்ற வேண்டியிருக்கிறது. அப்போது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பிறகு அவரைப் பஞ்சாப் பக்கம் அழைத்தார்கள். இமயமலைத் தேவதாரு காடுகளைச் சுற்றிப் பார்த்து 1864-ல் அறிக்கை கொடுத்தார். அதே வருஷம் இந்தியா முழுவதற்குமான வனத்துறை ஏற்பட்டு, பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் தலைவரானார். பிராண்டிஸ் லீவில் போனபோது 1867-ல் கிளெக்கார்ன் அந்த நாற்காலியில் தற்காலிகமாக இருந்தார். மதராஸில் அவருக்கு அடுத்து வந்தவர் பெட்டோம், அவரிடம் உதவியாளராக இருந்தவர்தான்.

ஓய்வு பெற்று ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராவிதி என்ற சொந்தக் கிராமத்தில் குடியேறினார். இந்தியக் காடுகளுக்கு வரும் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்க உதவினார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வனவியல் பாடம் வர முயற்சி எடுத்தார். 1895 மே 16-ஆம் தேதி இறந்தார். ஒரு தாவர இனத்துக்கே கிளெக்கார்னியா என்று அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம்ம ஓவியர்கள் வரைந்த செடிப் படங்கள் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பத்திரமாக இருக்கின்றன. மதராஸ் ஓவியப் பள்ளியில் படித்த முருகேச முதலியார் வரைந்தவையும் அதில் உண்டு. ஷிமோகாவில் தினம் ஒன்றாக வரைந்த செடிகளும் அங்கேதான் இருக்கின்றன.