பெயர் வைத்த தளபதி



இந்த மாதச் சுவரிதழில் வாழ்க்கை வரலாறு எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைச்சது. விஞ்ஞானிகள், கவிஞர்கள், தலைவர்கள் பற்றியெல்லாம் முன்னாடியே நிறையப் பேர் அழகா எழுதிட்டாங்க. அதனால நான் விளையாட்டுப் பக்கம் போனேன். நான் எழுதப் போறவர் பெயர் சோய் ஹாங் ஹீ. உலகம் முழுக்க டேக்வாண்டோ கத்துக்கிறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பெயர் இது. ஆனா அவரோட சொந்த நாட்டிலேயே பல வருஷம் இந்தப் பெயரைச் சொல்ல யோசிச்சாங்க. ஏன்? அதைத்தான் சொல்லப் போறேன்.

பெயர் பறிபோன நாடு

சோய் ஹாங் ஹீ 1918 நவம்பர் 9 அன்று கொரியாவின் வடகிழக்கு மூலையில், மியோங்சோன் என்ற பகுதியில் பிறந்தார். இன்று அது வட கொரியாவில் இருக்கிறது. அன்றைக்கு வடக்கு, தெற்கு என்ற பிரிவே கிடையாது. ஒரே கொரியா. ஆனால் 1910 முதல் அது ஜப்பானுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தது.

நாம ஆங்கிலேயர் ஆட்சியைப் பற்றிப் படிக்கிறோம் இல்லையா? கொரியாவில் ஜப்பான் செய்தது இன்னொரு விதமான கொடுமை. பள்ளிக்கூடங்களில் கொரிய மொழியை ஓரங்கட்டி, கடைசியில் இல்லாமலே செய்தார்கள். 1940-இல் கொரியர்கள் எல்லோரும் தங்கள் குடும்பப் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நெருக்கினார்கள். அப்பா, தாத்தா வைத்திருந்த பெயரை ஒருத்தன் விட்டுவிட வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க. இதை மனசுல வச்சுக்கிட்டு மீதியைப் படிங்க. இவர் வாழ்க்கை முழுக்க பெயர் என்ற விஷயம் வந்துகொண்டே இருக்கும்.

தூரிகையும் உதையும்

சின்ன வயதில் சோய் நோஞ்சானாக இருந்தாராம். உருவமும் குள்ளம். ஜப்பான் ஆட்சியை எதிர்த்துப் பேசியதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அப்பா அவரை ஓர் ஆசிரியரிடம் எழுத்துக்கலை பயில அனுப்பினார். எழுத்துக்கலை என்றால் நம்ம கையெழுத்துப் பயிற்சி மாதிரி இல்லை. தூரிகையை மையில் தொட்டு, ஒரே மூச்சில் எழுதும் கலை. கடைசி வரை அவர் அதை விடவில்லை. பெரிய தளபதி ஆன பிறகும் தூரிகையால் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம்.

1937-இல் படிப்புக்காக ஜப்பான் போனார். அங்கேதான் கராத்தே கற்றார். ஷோட்டோகான் என்ற பிரிவு. பிளாக் பெல்ட் வாங்கினார். தன் நாட்டை அடிமையாக்கிய நாட்டிலேயே போய் அவர்களுடைய கலையைக் கற்றுக்கொண்டார் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கொரிய மாணவர்களைக் கட்டாயமாக ஜப்பான் ராணுவத்தில் சேர்த்தார்கள். சோயும் தப்ப முடியவில்லை. பியோங்யாங் நகரில் இருந்தபோது, தப்பித்துப் போய்ப் போராடத் திட்டமிட்ட மாணவப் படைவீரர்களில் ஒருவராகப் பிடிபட்டார். சிறை! சிறை அறையில் தனியாகவே பயிற்சி செய்தாராம். பிறகு கூட இருந்த கைதிகளுக்கும், ஏன், காவலர்களுக்கும்கூடச் சொல்லிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்தது. கொரியா விடுதலை பெற்றது. அவரும் வெளியே வந்தார்.

ஒரு வார்த்தை பிறந்த கதை

விடுதலை கிடைச்சதும் நாடு இரண்டாகப் பிளந்தது. 38-ஆம் அட்சரேகைக்கு வடக்கே சோவியத் படை, தெற்கே அமெரிக்கப் படை. சோய் தெற்கே புதிதாக அமைந்த ராணுவத்தில் 1946-இல் அதிகாரியாகச் சேர்ந்தார். பிறந்த ஊர் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

தன் படைவீரர்களுக்குத் தான் கற்ற சண்டைக் கலையைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். 1950 முதல் 1953 வரை கொரியப் போர் நடந்தது. 1953-இல் ஜெஜு தீவில் 29-ஆவது காலாட்படைப் பிரிவை உருவாக்கினார். 1954-இல் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ முன்னால் இவருடைய வீரர்கள் செய்முறை காட்டினார்கள். நாம் டே ஹி என்பவர் ஒரே குத்தில் 13 கூரை ஓடுகளை உடைத்தாராம்! தலைவர் அசந்துபோய், இது நம்ம பழைய டேக்யான் கலைதான் என்று சொல்லி, ராணுவம் முழுக்க இதைக் கற்க வேண்டும் என்று விரும்பினார் என்கிறார்கள். டேக்யான் என்பது காலால் ஆடும் பழைய கொரிய விளையாட்டு.

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கலைக்குச் சரியான பெயரே இல்லை. அப்போது கொரியாவில் தனித்தனிப் பயிற்சிக் கூடங்கள் நிறைய இருந்தன. ஒருவர் டாங் சூ டோ என்பார், இன்னொருவர் கோங் சூ டோ என்பார். இரண்டுமே கராத்தே என்ற சொல்லைக் கொரிய மொழியில் உச்சரிப்பதுதான்! விடுதலை வாங்கியும் பெயர் மட்டும் அடிமையாகவே இருந்தது.

சோய் அகராதிகளைப் புரட்டினார். டே என்றால் காலால் உதைப்பது. க்வான் என்றால் கை முஷ்டி. டோ என்றால் வழி, நெறி. மூன்றையும் சேர்த்து டேக்வாண்டோ என்று எழுதினார். டேக்யானுக்கும் நெருங்கிய ஓசை! 1955 ஏப்ரல் 11 அன்று நடந்த கூட்டத்தில் இந்தப் பெயர் ஏற்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அதோடு முடிந்துவிடவில்லை. 1961-இல் மற்ற கூடங்கள் சேர்ந்து டேசுடோ என்று பெயரை மாற்றிவிட்டன. 1965-இல் சோய் சங்கத் தலைவராக வந்து மறுபடி டேக்வாண்டோ என்று மாற்ற வைத்தார். விடாப்பிடியான மனுஷன்!

இங்கே நான் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். டேக்வாண்டோ 2000 வருஷம் பழமையானது என்று சில புத்தகங்களில் போட்டிருக்கும். சோயும் பழமையைப் பற்றி நிறையவே எழுதினார். ஆனால் ஆரம்பத்தில் அவர் கற்றுக்கொடுத்தவற்றில் பெரும்பகுதி கராத்தேயிலிருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதன் மேல் உயர உதைகள், சுழன்று உதைப்பது, பறந்து உதைப்பது எல்லாம் கொரியர்கள் வளர்த்தவை. அடித்தளம் பக்கத்து வீட்டுக்காரனுடையது, மேல்மாடி தன்னுடையது என்று வச்சுக்கலாம். அதனால் கலைக்கு மதிப்புக் குறைந்துவிடாது என்பது என் கருத்து.

பேட்டர்னுக்குள்ளே பாடப்புத்தகம்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். டேக்வாண்டோவில் எதிரி இல்லாமல் தனியாகச் செய்யும் வரிசையான அசைவுகளுக்குப் பேட்டர்ன் என்று பெயர். சோயின் முறையில் 24 பேட்டர்ன்கள். ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்பதால் 24. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கொரிய வரலாற்றில் வாழ்ந்தவர்களின் பெயரை வைத்தார். அசைவுகளின் எண்ணிக்கைக்கும் பல இடங்களில் ஒரு அர்த்தம் உண்டு. பாருங்க:

* ஜூங் குன்: 32 அசைவுகள். 1909-இல் ஜப்பானின் இட்டோ ஹிரோபூமியைச் சுட்ட ஆன் ஜுங் குன் 1910-இல் தூக்கிலிடப்பட்டபோது கொரியக் கணக்குப்படி வயது 32.
* சாம் இல்: 33 அசைவுகள். 1919 மார்ச் 1 விடுதலை அறிக்கையில் கையெழுத்திட்ட 33 பேர்.
* ஹ்வா ராங்: 29 அசைவுகள். சோய் உருவாக்கிய 29-ஆவது படைப்பிரிவு.
* சூங் மூ: 30 அசைவுகள். ஆமைக் கப்பல்களால் ஜப்பான் கடற்படையைத் தோற்கடித்த தளபதி யீ சுன் ஷின். 1598-இல் போரிலேயே இறந்தார். அந்த வாழ்க்கை பாதியில் முடிந்ததைக் காட்டவே இந்தப் பேட்டர்ன் இடது கைத் தாக்குதலோடு முடிகிறது.

கடைசிப் பேட்டர்ன் பெயர் டோங் இல். 56 அசைவுகள். அதற்கு ஒன்றிணைதல் என்று அர்த்தம். பிரிந்த கொரியா ஒன்றாக வேண்டும் என்ற ஆசை! தன் மொழியைப் பள்ளியில் பேச முடியாமல் போன மக்களின் வரலாற்றை இவர் கை கால் அசைவுக்குள் எழுதி வைத்துவிட்டார். புத்தகத்தை எரிக்கலாம். உடம்பில் பதிந்ததை எரிக்க முடியுமா?

இரண்டு டேக்வாண்டோ

1961-இல் பார்க் சுங் ஹீ ராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார். சோய்க்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1962-இல் சோயைத் தூதராக மலேயாவுக்கு அனுப்பினார்கள். (அடுத்த வருஷம்தான் அது மலேசியா ஆனது.) அவரோ போன இடத்திலும் டேக்வாண்டோவைப் பரப்பினார். அப்படித்தான் மலேசியாவில் அது வேரூன்றியது. திரும்பி வந்து, 1966 மார்ச் 22 அன்று ஒன்பது நாடுகளைச் சேர்த்து ஐ.டி.எஃப். என்ற சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கினார்.

ஆனால் அரசோடு மோதல் முற்றியது. 1972-இல் நாட்டை விட்டே வெளியேறி கனடா போய்விட்டார். கூட்டமைப்பின் தலைமையகத்தையும் கொண்டுபோனார். 1973-இல் தென் கொரியா வேறொரு உலகக் கூட்டமைப்பைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் வேர்ல்டு டேக்வாண்டோ. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக நுழைந்தது இவர்கள் முறைதான்.

டி.வி.யில் ஒலிம்பிக் பார்த்தவர்கள் கவனிச்சிருப்பீங்க. மார்பில் கவசம், தலையில் ஹெல்மெட், பெரும்பாலும் உதைதான். முகத்தில் குத்தக் கூடாது. சோயின் முறையில் கையுறை போட்டுக்கொண்டு முகத்துக்கும் கையை நீட்டலாம், ஆனால் வேகத்தை அடக்க வேண்டும். பேட்டர்ன்களும் வேறு வேறு. டேக்வாண்டோ கற்கும் நண்பர்கள் நாங்க எந்த முறை என்று உங்க மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே மரத்துக் கிளைகள்தான்.

அவரே அழித்த பெயர்

1980-இல் சோய் தன் குழுவோடு வட கொரியா போய் டேக்வாண்டோவை அறிமுகம் செய்தார். தெற்கே கொதித்துவிட்டார்கள். எதிரி நாட்டோடு கைகோத்த துரோகி என்றார்கள். டேக்வாண்டோ வரலாற்றிலிருந்து அவர் பெயரையே ஓரங்கட்டினார்கள். பெயர் வைத்தவரின் பெயர் இல்லாத வரலாறு!

பாவம் என்றுதானே தோணுது? எனக்கும் தோணுச்சு. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. அவருடைய 24 பேட்டர்ன்களில் கோ டாங் என்று ஒன்று இருந்தது. 39 அசைவுகள். கோ டாங் என்பது சோ மன் சிக் என்ற தலைவரின் புனைபெயர். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி அகிம்சையாகப் போராடியதால் அவரைக் கொரியாவின் காந்தி என்பார்கள். 1946-இல் வடக்கே இருந்த கம்யூனிஸ்ட் ஆட்சி அவரை வீட்டுக் காவலில் வைத்தது. அதன் பிறகு அவர் விடுதலை ஆகவே இல்லை.

1980-களில் சோய் அந்தப் பேட்டர்னை எடுத்துவிட்டு, ஜூச்சே என்ற புதிய பேட்டர்னைச் சேர்த்தார். ஜூச்சே என்பது வட கொரிய அரசுக் கொள்கையின் பெயர். அதாவது, பெயர் பறிபோவதன் வலியை நன்றாக அறிந்தவரே ஒரு நல்ல மனிதரின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். பிறந்த மண்ணில் கலை வளர வேண்டும் என்ற ஆசையாக இருக்கலாம். ஆனாலும் என்னால் இதை நியாயம் என்று சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் சில அமைப்புகள் கோ டாங்கை விடாமல் செய்கின்றன. அதைப் படிச்சப்போ எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசி நாட்கள்

1983-இல் 15 தொகுதிகள் கொண்ட டேக்வாண்டோ கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். 1985-இல் கூட்டமைப்பை வியன்னாவுக்கு மாற்றினார். வயதான பிறகும் நாடு நாடாகப் போய் வகுப்பு எடுத்தார். 2002 ஜூன் 15 அன்று பியோங்யாங்கில் புற்றுநோயால் காலமானார். இளம் வயதில் சிறையில் கிடந்த அதே நகரம்! அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகு அவர் அமைப்பும் ஒற்றுமையாக இல்லை. ஒரே பெயரில் மூன்றாகப் பிரிந்தது.

ஆனாலும் கலை தன் வேலையைச் செய்தது. 2018-இல் தென் கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் வடக்கு வீரர்களும் தெற்கு வீரர்களும் ஒரே மேடையில் டேக்வாண்டோ செய்து காட்டினார்கள். டோங் இல் என்று அவர் வைத்த பெயர் சில நிமிஷமாவது நிஜமானது.

உங்களுக்குத் தெரியுமா?

டேக்வாண்டோவின் ஐந்து நெறிகள்: மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனம்.
வெள்ளை பெல்ட் எதுவும் அறியாத நிலை. மஞ்சள் மண். பச்சை செடி. நீலம் வானம். சிவப்பு அபாயம். கருப்பு, வெள்ளைக்கு நேர் எதிர்.

முடிவாக

சோய் ஹாங் ஹீயை நான் தெய்வமாக்கவும் இல்லை, துரோகி என்று சொல்லவும் இல்லை. அவர் ஒரு வார்த்தையைப் படைத்தார். அது உலகம் முழுக்கப் போனது. அதைப் படைத்தவரை மறக்க வைக்க ஓர் அரசு முயன்றது, முடியவில்லை. அவர் நீக்கிய பெயரும் மறையவில்லை. உண்மையில் உழைத்தவர்களின் பெயரை யாராலும் முழுசா அழிக்க முடியாது போலிருக்கு. அடுத்த முறை யாராவது பேட்டர்ன் செய்வதைப் பார்த்தால், வெறும் கை கால் ஆட்டம் என்று நினைச்சுடாதீங்க. அதற்குள்ளே ஒருவர் பெயர் இருக்கும். யார் என்று கேளுங்க.



– பதினோராம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு