சேது வழி காத்த சடைக்கத் தேவர்

காரைதீவிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் உகந்தைமலை முருகன் சந்நிதியைத் தாண்டியபின் தனித்து நடப்பதில்லை. குமண, யால காடுகளில் யானையும் கரடியும் உண்டு. ஆகவே அரோகரா ஒலியுடன் கூட்டமாகவே செல்வர். நானூறு ஆண்டுகளுக்கு முன் இராமேசுவரம் சென்ற அடியார்களுக்கோ விலங்கிலும் மனிதரே பெரும் அச்சமாய் இருந்தனர். அவ்வழியைக் காத்துத் தந்தவர் சடைக்கத் தேவர் என்னும் உடையான் சேதுபதி.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோல்வியுற்றபின், மதுரைக்குக் கிழக்கே கடல்வரை கிடந்த மறவர் நாட்டில் அரசின் பிடி தளர்ந்தது. முட்காட்டு வழியில் யாத்திரிகர் கொள்ளையிடப்பட்டனர். காசிக்குப் போய்வந்தவர் சேதுவில் நீராடினாலன்றி யாத்திரை நிறைவுறாது என்பது நம்பிக்கை. ஆகையால் அஞ்சியும் சென்றனர்.

அக்காலத்தில் போகலூரில் இருந்தவர் சடைக்கத் தேவர். மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரின் குலகுரு இராமேசுவரம் செல்ல வந்தபோது, தேவர் அவரைத் தமது காவலில் அழைத்துச் சென்று, தரிசனம் முடிந்தபின் பத்திரமாகத் திருப்பியும் அனுப்பினார் என்று வரலாற்று மரபு கூறும். குரு சொல்லக் கேட்ட நாயக்கர் 1605இல் அவருக்கு நிலங்களையும், சேதுவின் காவலர் எனப் பொருள்படும் சேதுபதி பட்டத்தையும் வழங்கினார். இதில் பக்தி மட்டுமே இருந்தது என்று கொள்ள வேண்டியதில்லை; அடங்காத நாட்டிலிருந்து வரியும் வரவேண்டியிருந்தது.

தேவர் போகலூரில் கோட்டை அமைத்தார். பணியாத தலைவர்களை அடக்கி, மதுரைக்குரிய பங்கை அனுப்பி வந்தார். களவு போனால் காவற்காரரே ஈடுசெய்ய வேண்டும் என்பது மறவர் நாட்டுக் காவல் வழக்கம். காவல் என்பது வெறும் பட்டமன்று, பொறுப்பு என்று அந்நாட்டார் அறிந்திருந்தனர். வழிப்பறிக்கு அஞ்சிய நாட்டில் வழிக்காவலே அரசுரிமைக்கு அடிப்படையாயிற்று எனலாம்.

1622இல் தேவர் மறைய, மகன் கூத்தன் சேதுபதி பட்டமேற்றார். பின்வந்தோர் யாத்திரிகர் உண்டு உறங்கச் சேது வழியில் சத்திரங்கள் அமைத்தனர். கிழவன் சேதுபதி காலத்தில் தலைநகர் இராமநாதபுரத்துக்கு மாறியது. நமது விபுலாநந்த அடிகள் துறவேற்ற இராமகிருஷ்ண சங்கத்தின் சுவாமி விவேகானந்தர், 1897 ஜனவரி 26ஆம் நாள் இலங்கையிலிருந்து கடல் கடந்து பாம்பனில் இறங்கியபோது, அவரை எதிர்கொண்டு அழைத்தவரும் அதே பட்டத்துக்குரிய பாஸ்கர சேதுபதியே.