நாகூரிலும் கெடாவிலும் வேர், மலாயில் எழுத்து: முன்ஷி அப்துல்லா

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று நாம் அறிந்த முன்ஷி அப்துல்லாவின் குடும்பக் கதையில் நாகூரும் வருகிறது, நம் கெடாவும் வருகிறது.

ஏமனிலிருந்து நாகூர் வந்த அவருடைய கொள்ளுத்தாத்தா அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்து, ஆசிரியராக வாழ்ந்தவர். அவருடைய மகன்களில் ஒருவர் மலாக்காவுக்குக் கப்பலேறி, பெரியாச்சி என்பவரை மணந்தார். அந்த வீட்டில் என்ன மொழி புழங்கியிருக்கும் என்பதைப் பெயரைக் கொண்டே ஊகிக்கலாம். தாய் சலாமாவின் முன்னோரோ கெடாவில் இஸ்லாத்தைத் தழுவி மலாக்காவுக்குக் குடிபெயர்ந்த இந்தியர்.

அப்துல்லா 1796இல் மலாக்கா கம்போங் பாலியில் பிறந்தார். மூத்த பிள்ளைகள் நால்வரும் குழந்தையிலேயே இறந்துவிட, பிழைத்தது இவர் மட்டுமே. குர்ஆன் ஓதப் பழகிய மகனைத் தந்தை தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டுகள் படித்தார். அன்றைய மலாக்காவில் கணக்கெழுதவும் வணிகரோடு பேசவும் தமிழ் தேவைப்பட்டது. மலாய் படிக்கப் பள்ளியே இல்லை. பேசுகிற மொழியைப் போய் யாராவது படிப்பார்களா என்பது ஊரார் எண்ணம்.

அப்துல்லா படித்தார். மலாய் தெரிந்த பெரியவர்களைத் தேடிப் போய், ஏடுகளைப் படியெடுத்துக் கற்றார். கோட்டைச் சிப்பாய்களுக்குக் குர்ஆன் சொல்லிக் கொடுத்தபோது அவர்கள் வைத்த பட்டம்தான் முன்ஷி. ஆசிரியர் என்று பொருள்.

பதின்ம வயதிலேயே ராஃபிள்ஸிடம் எழுத்தர் வேலை. ராஃபிள்ஸ் திரட்டிய மலாய் ஏடுகள் 1824இல் கப்பலோடு எரிந்துபோன துயரம் அப்துல்லாவை விட்டு நீங்கவில்லை. பின்னர் கிறிஸ்துவ மிஷனரிகளுக்கு மலாய் கற்பித்தார், அச்சுத் தொழிலும் பழகினார். அதற்காக ஊரார் அவரைப் பாதிரி அப்துல்லா என்று கேலி செய்தார்கள். அவர் கடைசிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார்.

நமக்கு முக்கியமானது 1835. தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு, தமிழிலிருந்த பஞ்சதந்திரக் கதைகளை அந்த ஆண்டில்தான் அவர் மலாயில் பெயர்த்தார். சிறுவயதில் படித்த தமிழ் அப்போது கைகொடுத்தது.

1838இல் கிளந்தான் போய்வந்து பயணநூல் எழுதினார். 1843இல் முடித்த தன்வரலாறான 'ஹிகாயத் அப்துல்லா' 1849இல் சிங்கப்பூரில் அச்சேறியது. அரசர் கதைகளே நிறைந்திருந்த மலாய் எழுத்தில், கடைத்தெருவும் காய்ச்சலும் கடன்பட்டவரும் இடம்பிடித்தது அந்த நூலில்தான். ஆட்சியாளரின் அநீதியையும் அவர் மறைக்கவில்லை. அதற்காக இன்றும் அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு.

1854இல் ஹஜ் பயணம் புறப்பட்ட அவர் அரேபிய மண்ணிலேயே இறந்தார். அந்தப் பயணத்தையும் எழுதிக்கொண்டேதான் போனார்.