சத்திரத்துக் கதவைத் திறந்த பன்னீர்செல்வம்

நெல் விளையும் தஞ்சைத் தரணி நல்ல தலைவர்கள் பலரையும் ஈன்றெடுத்தது. அவர்களுள் ஒருவர் சர் ஏ.டி. பன்னீர்செல்வம். நம் ஒரத்தநாட்டுப் பிள்ளைகளின் படிப்போடு அவர் பெயர் பின்னிப் பிணைந்துள்ளது. ஆயினும் நம்மில் பலர் அவரை அறியோம். அப்பெருமகனாரின் வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

நன்னிலம் வட்டாரத்துப் பெரும்பண்ணையூரில், கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில், 1888ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் பன்னீர்செல்வம் பிறந்தார். தந்தையார் பெயர் தாமரைச்செல்வம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற அவர், கடல் கடந்து சென்று கேம்பிரிட்ஜிலும் கற்றுப் பாரிஸ்டர் பட்டத்துடன் திரும்பினார். தஞ்சையில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். நீதிக்கட்சியில் சேர்ந்து பொதுவாழ்வில் இறங்கினார். தஞ்சை நகராட்சித் தலைவராகவும், பின்னர் 1924 முதல் 1930 வரை தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராகவும் விளங்கினார். அந்நாளில் சாலைகள், மருத்துவமனைகள், பள்ளிகள் எனப் பலவும் ஜில்லா போர்டின் பொறுப்பில் இருந்தன.

முத்தாம்பாள் சத்திரம்

ஒரத்தநாட்டின் பழைய பெருமை முத்தாம்பாள் சத்திரம். தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர் இதனைக் கட்டினார். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்கு இங்கே உணவும் இடமும் கிடைத்தன. பிள்ளைகள் கற்கப் பள்ளியும் நடந்தது. தஞ்சைச் சத்திரங்களைக் குறித்து 1801இல் சரபோஜி ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், எந்தச் சாதியினரானாலும் வேறுபாடின்றி அங்கே உணவு பெறுகின்றனர் என்று விளக்கியிருந்தார்.

ஆனால் காலப்போக்கில் அந்த அறத்தின் பயன் சுருங்கியது. சத்திரங்கள் ஜில்லா போர்டின் பொறுப்பில் இருந்தபோது, ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் இருந்த இலவச மாணவர் விடுதிகளில் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் என்பது வழக்கமாக இருந்தது. சுற்றியிருந்த சிற்றூர்களில் உழுது நெல் விளைவித்தவர்களின் மக்களுக்கு அங்கே ஒரு பாயும் ஒரு பிடி சோறும் இல்லை.

அந்நாளில் உயர்நிலைப் பள்ளிகள் மிகச் சிலவே. பேருந்து வசதியும் குறைவு. தொலைவிலுள்ள ஊர்ப் பிள்ளைக்குப் பள்ளியில் பெயர் பதிந்தால் மட்டும் போதுமா? தங்க இடமும் உண்ண உணவும் வேண்டும். விடுதி மூடியிருந்தால் பள்ளியும் மூடியிருப்பதாகவே பொருள்.

ஜில்லா போர்டுத் தலைவரான பன்னீர்செல்வம் இந்த வழக்கத்தை மாற்றினார். பிராமணரல்லாத மாணவர்களும் அவ்விடுதிகளில் சேர வழி செய்தார். இதனால் யாருடைய அறிவும் குறைந்துவிடவில்லை. அறிவு பெறுவோர் தொகை பெருகியது. மன்னர் எல்லார்க்கும் திறந்து வைத்த கதவை அவர் மீண்டும் திறந்தார் என்றே சொல்லலாம்.

தமிழுக்கும் இடம்

திருவையாற்றில் ஜில்லா போர்டின் பொறுப்பில் வடமொழிக் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே தமிழும் கற்பிக்கப்பட வேண்டும் என்று பன்னீர்செல்வமும் கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரனாரும் பாடுபட்டனர். அவர்கள் முயற்சியால் தமிழ் வித்துவான் படிப்பு அங்கே இடம்பெற்றது. அதுவே பின்னாளில் அரசர் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

இறுதிப் பயணம்

இந்தியக் கிறிஸ்தவர்களின் சார்பில் பன்னீர்செல்வம் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டார். 1937இல் சென்னை மாகாணத்தின் இடைக்கால அமைச்சரவையில் இடம்பெற்றார். பின்னர் இலண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசகராக நியமிக்கப்பட்டுப் புறப்பட்டார். 1940 மார்ச் 1ஆம் நாள் அவர் சென்ற ‘ஹானிபால்’ விமானம் ஓமன் வளைகுடாவின் மேல் மறைந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரும் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது 51. தமிழகமே கண்ணீர் வடித்தது. ஈரோட்டில் ஒரு பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் கற்கும் பாடம்

திறமை பார்த்து மாணவரைச் சேர்ப்பது நல்லதா, அரசு விதி வகுத்து இடம் ஒதுக்குவது நல்லதா என்று இன்றும் பலர் வாதிடுகின்றனர். திறமையை மதிக்க வேண்டியதுதான். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் சிலரைக் களத்திற்குள்ளேயே விடாமல், வென்றவரே திறமைசாலி என்று சொல்வது முறையாகுமா? பன்னீர்செல்வம் எவருக்கும் பரிசைத் தூக்கிக் கொடுக்கவில்லை. எல்லாரையும் களத்திற்குள் வரவிட்டார்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழக அரசு 2020இல் ஒதுக்கியது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலிய படிப்புகளுக்கும் 2021இல் அதனை விரிவாக்கியது. ஒரு காலத்தில் விடுதியில் இடம் கிடைக்காமல் உழவர் பிள்ளைகள் திரும்பிய இதே ஒரத்தநாட்டில், இன்று கால்நடை மருத்துவக் கல்லூரியும் மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. பன்னீர்செல்வம் திறந்த விடுதிகளில் அன்று இடம் பெற்றவர்கள் ஆண் பிள்ளைகளே. இன்று பெண்களாகிய நாமும் கல்லூரிப் படியேறுகிறோம்.

அன்புத் தோழியரே! நாம் அமர்ந்திருக்கும் இருக்கை ஒவ்வொன்றின் பின்னும் எவரோ ஒருவரின் உழைப்பு இருக்கிறது. நன்கு கற்று உயர்வோம். உயர்ந்தபின் நமக்குப் பின்னால் வருபவருக்குக் கதவைச் சாத்தாதிருப்போம். அதுவே பன்னீர்செல்வத்துக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

– பத்தாம் வகுப்பு மாணவி