பாலை ஒன்று சேர்த்தவர் – திரிபுவன்தாஸ் படேல்

சிறப்பு மலருக்கு ஒரு பெரியவரோட வாழ்க்கையை எழுதிக் கொடுங்கன்னு தலைவி அக்கா கேட்டாங்க. ரெண்டு கறவை மாட்டை வெச்சுக் குடும்பம் நடத்துறவ நான். அதனால மாடு வளர்க்கிறவங்களுக்காகவே உழைத்த திரிபுவன்தாஸ் படேலைப் பற்றி எழுதுகிறேன். அமுல்னு சொன்னதும் நமக்குக் குரியன் அய்யா பெயர்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தச் சங்கத்தை முதல்ல கட்டி எழுப்பியவர் திரிபுவன்தாஸ்தான்.

இவர் 1903 அக்டோபர் 22ஆம் தேதி குஜராத்தில் ஆனந்த் என்ற ஊரில் பிறந்தார். இளம் வயதிலேயே காந்தியடிகளின் போராட்டத்தில் சேர்ந்து பலமுறை சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் அவர் கண்ணில் பட்டது மாடு வளர்ப்பவர்களின் கஷ்டம்.

நெல்லு, சோளம்னா விலை ஏறட்டும்னு மூட்டை கட்டி வைக்கலாம். பாலுக்கு அது முடியாது. காலையில் கறந்தது வெயில் ஏறினால் திரிஞ்சு போயிடும். ஆனந்திலிருந்து பம்பாய் 400 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் கெடாமல் கொண்டுபோகும் வசதி போல்சன் என்ற தனியார் கம்பெனியிடம் இருந்தது. 1945இல் பம்பாய் அரசு நகரத்துக்கான பால் திட்டம் தொடங்கியபோது, இந்தப் பகுதிப் பாலை வாங்கி அனுப்பும் உரிமையும் அந்தக் கம்பெனிக்கே போனது. நகரத்தில் நல்ல விலை கிடைத்தும் கறந்தவர் கைக்கு அது வரவில்லை. ஒப்பந்தக்காரர் சொன்னதுதான் விலை. வேண்டாம்னா பாலைக் கீழேதான் ஊத்தணும்.

விவசாயிகள் சர்தார் படேலிடம் முறையிட்டார்கள். சொந்தமாகச் சங்கம் வையுங்கள், பாலை நீங்களே பதப்படுத்தி விற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் யோசனை. 1946 ஜனவரி 4ஆம் தேதி சமர்க்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் தலைமையில் கூட்டம் நடந்தது. ஊருக்கு ஊர் சங்கம் அமைப்பது, அரசு ஒத்துக்கொள்ளும்வரை கம்பெனிக்குப் பால் கொடுப்பதில்லை என்று தீர்மானம் ஆனது. 15 நாள் ஒரு சொட்டுப் பாலும் போகவில்லை. கையில் காசு வராவிட்டாலும் மாட்டுக்குத் தீவனம் போட்டே ஆகணும், மடி கனத்தா கறந்தே ஆகணும். அதையெல்லாம் தாங்கித்தான் அந்தக் குடும்பங்கள் நின்றன. கடைசியில் அரசு இறங்கி வந்தது.

1946 டிசம்பர் 14ஆம் தேதி மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவானது. திரிபுவன்தாஸ் அதன் தலைவர். அப்புறம்தான் பெரிய வேலை. ஊர் ஊராக நடந்து, ஜனங்களோடு உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு சங்கமாகச் சேர்த்தார். 1948 ஜூனில் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபோது 2 ஊர்ச் சங்கங்கள்தான் இருந்தன. நாளுக்குச் சுமார் 250 லிட்டர்.

அவர்கள் வைத்த முறை எளிமையானது. காலையும் மாலையும் குறித்த நேரத்தில் பால் ஊற்றணும். எந்தச் சாதியாக இருந்தாலும் ஒரே வரிசை. கண்ணெதிரே அளவு, கொழுப்புச் சத்தைப் பார்த்து விலை. சேர்ந்த பால் உடனே வண்டியேறி ஆனந்துக்குப் போகும். அங்கே சூடாக்கிக் குளிரவைத்து பம்பாய்க்கு அனுப்புவார்கள். இதில் எங்கே ஒரு மணி நேரம் தாமதமானாலும் பால் கெட்டு, நஷ்டம் எல்லாருக்கும் பொதுவாகிவிடும்.

1949இல் அரசு வேலையாக ஆனந்துக்கு வந்திருந்த குரியன், வேலையை விட்டுவிட்டு ஊரை விட்டுக் கிளம்பத் தயாரானார். அவரைக் கேட்டுக்கொண்டு நிறுத்தியவர் திரிபுவன்தாஸ். இயந்திரம், வியாபாரம் இரண்டையும் குரியன் பார்த்தார். ஜனங்களின் நம்பிக்கையை இவர் பார்த்துக்கொண்டார்.

அடுத்து இன்னொரு சிக்கல். குளிர்காலத்தில் எருமை நிறையக் கறக்கும், அவ்வளவையும் பம்பாய் வாங்காது. கோடையில் பால் குறைந்துவிடும். மிஞ்சின பாலைப் பவுடராக்கினால் தப்பிக்கலாம். ஆனால் எருமைப் பாலில் பவுடர் வராது என்றுதான் அப்போது வெளிநாட்டு நிபுணர்கள் நினைத்தார்கள். தலாயா என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31ஆம் தேதி நேரு புதிய ஆலையைத் திறந்து வைத்தார். அதற்குப் பிறகு குளிர்காலத்துப் பாலும் வீணாகவில்லை.

1963இல் மகசேசே விருது, 1964இல் பத்மபூஷண் கிடைத்தன. பதவியை விட்டு இறங்கியபோது உறுப்பினர்கள் திரட்டித் தந்த பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், கிராமத்துத் தாய்மார், குழந்தைகள் உடல்நலத்துக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1994இல் காலமானார்.

ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற அந்த ஏற்பாட்டில்தான் நம்ம ஆவினும் நடக்குது. நம்ம குழு, ஊராட்சிக் கூட்டமைப்பு, வட்டாரக் கூட்டமைப்பும் கிட்டத்தட்ட அதே மாதிரிதானே.

பால் குளிரூட்டும் தொட்டி வாங்கலாமான்னு இப்போ நம்ம கூட்டமைப்பில் பேச்சு ஓடுது. வேணும்னுதான் நானும் சொல்றேன். நமக்கு வர்ற தனியார் வண்டி வராத அன்னிக்கு அந்தப் பால் நம்ம தலையிலதான். ஆனா தொட்டி பாலைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். அழுக்குக் கேனில் வந்த பாலை அது சுத்தமாக்காது, தாமதமா வந்த பாலைத் திருப்பி நல்லதாக்காது. யாராவது ஒரு ரூபாய் கூடத் தர்றாங்கன்னு நாம பாதிப் பேர் வெளியே ஊத்திட்டா, பாதித் தொட்டிக்கு முழுக் கரண்ட் பில் கட்டணும்.

அதனால தொட்டிக்குப் பணம் போடுறதுக்கு முன்னாடி மூணு மாசம் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல, ஒரே அளவையில் ஊத்திப் பார்ப்போம். கணக்கை வாராவாரம் எல்லார் முன்னாடியும் படிப்போம். அது நடந்தா கடன் வாங்கவும் எனக்குப் பயமில்லை. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக் கொண்டு வரப்போறேன். மாடு வெச்சிருக்கிற சகோதரிகள் தவறாம வந்து பேசணும்.