ஆயன் இல்லாத மந்தையைத் தேடி

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. போர்த்துக்கேயக் கொடி இறங்கியதோடு குருமாரும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஊர்தோறும் இருந்த கத்தோலிக்க ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்குரிய கோவில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுப்பவர் மரண தண்டனைக்குரியவர் என்ற கட்டளையும் பிறந்தது. ஒருகாலத்தில் மக்கள் நிறைந்து வழிந்த பங்குகள் சில ஆண்டுகளுக்குள் பெயரளவிலும் இல்லாது போயின.

வாளைவிடக் கூர்மையான கருவியொன்றும் ஒல்லாந்தரிடம் இருந்தது. அதுதான் தோம்பு. ஞானஸ்நானமும் விவாகமும் அவர்களுடைய சபையில் நடந்து தோம்பில் பதியப்பட்டாலன்றிப் பிள்ளைக்குத் தகப்பனின் காணியில் உரிமை கிடைப்பது அரிது. அரச உத்தியோகமும் அவ்வாறே. பனங்காணியும் தோட்டமும் சீதனமுமாக வாழும் குடாநாட்டு மக்களுக்கு இதைவிடப் பெரிய நெருக்குதல் வேறென்ன வேண்டும்? ஆகையால் அநேகர் தோம்புக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதிந்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பதிவுக்கும் படிவத்திற்கும் அலைந்து, வேறொருவர் எழுதிய ஏட்டில் பெயர் இருந்தால்தான் வாழ்வு என்ற நிலையை நம்மவர் பலர் நேரில் கண்டவர்கள்.

இப்படியே இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. கோட்டை வீழ்ந்த ஆண்டில் பிறந்த குழந்தை, தானும் பிள்ளைகுட்டிக்காரனாகும் காலம் அது. பூசை என்பதைப் பாட்டியார் சொல்லக் கேட்டதன்றிக் கண்ணால் காணாத ஒரு தலைமுறை எழும்பிவிட்டது. கணக்குப் பார்ப்பவர் எவரும் இந்தத் திருச்சபை செத்துவிட்டது என்றே எழுதியிருப்பார். அந்த வேளையில்தான் மெலிந்து கறுத்த கோவாக் குருவானவர் ஒருவர், கூலியாளின் உடையில், இக்கரையில் வந்திறங்கினார்.

யோசேவ் வாஸ் அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கோவாவில் உள்ள பெனோலிம் என்னும் ஊரிலே பிறந்தவர். தந்தையார் கிறிஸ்தோபர் வாஸ், தாயார் மரியா த மிரண்டா. பக்தியும் ஓரளவு வசதியும் உள்ள குடும்பம். 1676இல் குருப்பட்டம் பெற்றார். பின்பு கன்னட நாட்டு மிசனுக்குப் பொறுப்பாளராகப் போய், அங்கே குருக்களுக்குள் நிலவிய அதிகாரப் பூசல்களுக்கிடையில் அகப்பட்டு, பொறுமையாகப் பணிசெய்து திரும்பினார். 1685இல் கோவாவில் சுதேசக் குருக்கள் சிலர் ஆரம்பித்திருந்த ஒரட்டோரியன் சபையில் சேர்ந்து அதன் தலைவருமானார். அங்கேயே இருந்திருந்தால் நற்பெயரோடு மூப்படைந்திருக்கலாம். ஆனால் இலங்கையில் மேய்ப்பரில்லாது கிடக்கும் மக்களைப் பற்றிய செய்தி அவரை இருக்கவிடவில்லை. ஐரோப்பியக் குரு ஒருவர் இங்கு கால் வைத்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். இந்தியக் குரு ஒருவரோ கூலிகளோடு கூலியாகக் கலந்து நடக்கலாம். இதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

ஜோன் என்ற விசுவாசமுள்ள பணியாளோடு தூத்துக்குடியில் தோணியேறினார். கடல் கொந்தளித்து மன்னார்ப் பக்கம் ஒதுக்கியது. ஒருவாறு 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் அவரைப் பிடித்தது வயிற்றுளைவு. ஊர் பேர் தெரியாத பரதேசி. தொற்றுநோய்க்காரன் என்று ஒதுக்கியோர் உண்டு. இரங்கிக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியவள் ஒரு ஏழைப்பெண் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இலங்கைத் திருச்சபை அவளுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது!

உடல் தேறியதும் எழுந்தது பெரிய கேள்வி. கத்தோலிக்கரைக் கண்டுபிடிப்பது எப்படி? நான் குரு என்று சொன்னால் தலை போகும். கேட்கிறவனுடைய தலையும் சேர்ந்து போகும். மக்களும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கமாட்டார்கள். வந்தவன் ஒல்லாந்தரின் ஒற்றனோ என்று அஞ்சுவார்கள். அடிகளார் ஒரு பெரிய செபமாலையைக் கழுத்திலே போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. பிச்சையிட வருகிறவர்களின் கண்களையே பார்த்தார். அநேகருக்கு அது வெறும் மணிமாலை. சிலருடைய கண்கள் மாத்திரம் அந்த மாலையில் தங்கின. தங்கிய கண்கள் உள்ள வீட்டுக்கு மறுபடியும் போனார். நாட்கள் பல சென்றபின் ஒரு வீட்டார் துணிந்து, குருவானவர் ஒருவரைத் தேடித்தர முடியுமா என்று அந்தப் பிச்சைக்காரரிடமே கேட்டார்கள். தேடியவர்கள் இருதரப்பாரும் ஒரு முற்றத்திலே ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள்.

நானும் ஒரு பங்கைப் பராமரித்தவன். ஞாயிறு பூசையில் வெறுமையாகக் கிடக்கும் வாங்குகளைப் பீடத்திலிருந்து பார்த்து மனம் சோர்ந்ததுண்டு. 1990க்குப் பின்னும் 1995இன் பெரிய இடப்பெயர்வுக்குப் பின்னும் நம் குடும்பங்கள் எத்தனை திசைகளுக்குப் போயின என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் இந்த முற்றத்துக் காட்சியை நினைப்பேன். அடிகளாருக்கு வெறுமையான வாங்குகூட இருக்கவில்லை. ஆலயமே இல்லாத இடத்தில் பங்கைத் தேடத் தொடங்கியவர் அவர்.

கத்தோலிக்கர் செறிந்து வாழ்ந்த சில்லாலைக்கு மக்கள் அவரைக் கொண்டுபோனார்கள். குடாநாட்டின் மேற்குப்புறத்தில் உள்ள அவ்வூரே இரண்டு வருடங்களுக்கு மேலாக அவருக்கு அடைக்கலமாயிற்று. பகலில் மறைவு, இரவில் பணி. இருட்டிய பின் புறப்பட்டு அயலூர்களுக்கு நடப்பார். ஒரு வீட்டின் உள்ளறையில் பூசை. அது முடிந்ததும் பாவசங்கீர்த்தனம். வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களின் வரிசை முடியுமுன் கோழி கூவிவிடும். சபையில் எழுதிய விவாகங்களுக்குத் திருச்சபையின் ஆசீர் வேண்டி வந்தார்கள் வயதான தம்பதிகள். தோம்புக்காகத் தலைகுனிந்தவர்கள் வெட்கத்தோடு வந்து முழந்தாளிட்டார்கள். தமிழைக் கற்று, தமிழிலே செபங்களைச் சொல்லிக்கொடுத்தார்.

இப்படி ஒரு மந்தை மூச்சுவிட ஆரம்பித்ததும் ஒல்லாந்த அதிகாரிகளின் காதுக்குச் செய்தி எட்டாமல் இருக்குமா? 1689ஆம் ஆண்டு நத்தார் இரவு. பாலன் பிறப்புப் பூசைக்காக மக்கள் கூடியிருந்த வீட்டைப் படைவீரர்கள் வளைத்துக்கொண்டார்கள். குரு அகப்படவில்லை. எப்படித் தப்பினார் என்பதை நம் முன்னோர் அற்புதமென்றே சொல்லி வந்தார்கள். அகப்பட்டது மக்கள். அவர்களுள் முதன்மையான எட்டுப்பேர் கடுமையான கசையடிக்குள்ளானார்கள். முன்பு சீர்திருத்தச் சபையில் இருந்து பின்பு கத்தோலிக்கராகிய டொன் பேதுரு என்பவர் அடியினாலேயே உயிர்நீத்தார். மற்றவர்களுக்குச் சிறையும் வன்கூலி வேலையும் விதிக்கப்பட்டன. குரு எங்கே என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தமக்காக மக்கள் அடிபட்டதை அடிகளார் எப்படித் தாங்கியிருப்பார்? தாம் இருக்கும்வரை அவர்களுக்கு ஆபத்துத்தான் என்பதை அறிந்து யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளத்திற்குப் போனார். அது கண்டி அரசனுடைய ஆட்சிக்குட்பட்டிருந்தது. அங்கிருந்து 1692இல் கண்டிக்குச் சென்றபோது, அரசவையில் செல்வாக்கோடிருந்த பிரெஞ்சுக் கல்வினியர் ஒருவர், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று விமலதர்மசூரிய மன்னனிடம் கோள்மூட்டிவிட்டார். வரவேற்புக்குப் பதில் சிறை கிடைத்தது. சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். காவல் தளர்ந்ததும் முற்றத்தில் ஓலைக்கொட்டில் போட்டுப் பீடம் அமைத்தார். கண்டிக் கத்தோலிக்கர் மெல்ல மெல்ல வந்து கூடினார்கள். நாட்டில் மழையின்றி வரட்சி நிலவியபோது மன்னன் கேட்க அவர் செபித்ததும் மழை பெய்ததும் நம் பிள்ளைகளும் அறிந்த கதை. அதன்பின் மன்னன் அவரைச் சுதந்திரமாக நடமாட விட்டான்.

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இந்தத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குருவாக இருந்தார். பிறகுதான் கோவாவிலிருந்து தோழர்கள் வந்தார்கள். 1697இல் கண்டியில் வைசூரி கண்டபோது அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றார்கள். நோயாளரைக் காட்டோரத்தில் விட்டுவிடுவது அன்றைய வழக்கம். அடிகளாரும் அவருடைய உறவினரான கர்வாலோ சுவாமியாரும் அவர்களுக்குக் குடிசை கட்டி, புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தவரை அடக்கஞ்செய்தார்கள். கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை. இதுபற்றி விரிவாக எழுத இன்னொரு வாரம் வேண்டும்.

இங்கே நான் சொல்ல விரும்புவது வேறொன்று. தனியொருவராகத் தீவு முழுவதும் நடந்தாலும் ஓர் ஊருக்கு மறுபடி வர ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் தாம் போன இடங்களில் ஊரவருக்குள்ளேயே மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். மூப்பர் கோவில் காரியங்களைப் பார்த்துக்கொள்வார். அண்ணாவியார் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபங்களை நடத்துவார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பார். குரு இல்லாத வேளையில் சாகுந்தறுவாயில் இருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். மரணப்படுக்கையில் கிடப்பவரின் அருகிலிருந்து உத்தம மனஸ்தாபம் சொல்லிக்கொடுப்பார். குரு வரும்போது யாருக்கு நோய், யாருக்குள் பகை, யார் வெகுகாலமாக வரவில்லை என்பதெல்லாம் அண்ணாவியாரின் மனத்தில் இருக்கும். வராதவரை அவர் அறிவார் என்பதுதான் இதில் பெரிய காரியம். ஒல்லாந்தரின் தோம்பிலே ஆயிரமாயிரம் பெயர்கள் இருந்தன. ஆனால் ஒருவன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய்க் கேட்க அதில் ஆளில்லை.

குரு இருந்தால்தான் பங்கு என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பலவீட்டு உபதேசத்தையும் வட்டாரச் செபத்தையும்கூடக் குருவானவரே வந்து ஆரம்பித்துவைக்கவேண்டும் என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. இப்படி எழுதுவதால் என்மீது கோபிக்கவேண்டாம். காத்திருக்கப் பழக்கியவர்கள் குருக்களாகிய நாங்களும்தான். சில்லாலையார் அப்படிக் காத்திருந்திருந்தால் அடிகளார் வந்து தேடியபோது கண்டுபிடிக்க யாரும் எஞ்சியிருக்கமாட்டார்கள்.

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். தமிழர் அவரைச் சாங்கோபாங்க சுவாமி என்று அழைத்தார்கள். தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதிய நூல்கள் அண்ணாவிமாரின் கைக்கு உணவாயின. செபிப்பதற்கும் வாசிப்பதற்கும் ஏடு கிடைத்ததும், குருவைக் காணாத மாதங்களும் வறண்டு போகவில்லை. யோசேவ் வாஸ் அடிகளாரை ஆயராக்கும் எண்ணம் எழுந்தபோது அவர் மறுத்துவிட்டார். நடந்து நடந்து தேய்ந்த உடல், கடைசி ஆண்டுகளில் நோயினால் மிகவும் நலிந்துபோயிற்று. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே காலமானார். அப்போது நரேந்திரசிங்க மன்னன் ஆட்சியில் இருந்தான். வரலாற்றாசிரியர்கள் கூறும் கணக்கின்படி அவ்வேளையில் இலங்கையில் எழுபதினாயிரம் கத்தோலிக்கரும், பதினைந்து கோவில்களும், நானூறு சிற்றாலயங்களும் இருந்தன. கையில் பிச்சைப்பாத்திரமும் கழுத்தில் செபமாலையுமாக வந்தவர் விட்டுச்சென்றது இது.

1796இல் ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தபோது ஒரு காரியம் வெளிச்சத்திற்கு வந்தது. தோம்பில் இருந்தால்தான் உரிமை என்ற கட்டாயம் நீங்கவே, அந்த ஏட்டில் மட்டும் இருந்த பெருங்கூட்டம் சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. இன்று நமக்கு அன்புச் சகோதரராயுள்ள பிற சபையாரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய நேர்மையான போதகர் சிலரும் அக்காலத்தில் இப்பதிவுகளின் வெறுமையை அறிந்து வருந்தியவர்களே. எந்த ஏட்டிலும் எழுதப்படாத கத்தோலிக்கரோ ஊருக்கு ஊர் இருந்தார்கள். அண்ணாவிமாரும் இருந்தார்கள்.

1995 சனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பில் அடிகளாருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக உயர்த்தி, அன்று பிற்பகலே மடுமாதாவின் சந்நிதிக்கும் சென்றார். போரில் சிதறிப்போன நம் மக்கள் அங்கே திரண்டிருந்தார்கள். பல ஆண்டுகளாகக் காணாத அயலவர்கள் அந்த மரநிழல்களிலே ஒருவரையொருவர் கண்டு குசலம் விசாரித்திருப்பார்கள்.

அடிகளாரின் உடல் கண்டியில் அவர் கட்டிய கோவிலிலே அடக்கஞ்செய்யப்பட்டது. அக்கோவில் பிற்காலத்தில் அழிக்கப்பட்டுவிட்டது. கல்லறை இருந்த இடம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சில்லாலையில் அவர் தங்கிய மண்ணுக்கு மக்கள் இன்றும் செபமாலையோடு வருகிறார்கள்.